அமியோடரோன்: மெல்ல வந்து மெல்லப் போகும் மருந்து
இதயத் துடிப்புச் சீரின்மைக்கு மாத்திரை உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

இதயப் பிரிவிலிருந்து வீடு திரும்புவோர் பலரின் மருந்துச் சீட்டில் அமியோடரோன் என்னும் பெயர் காணப்படும். 100 மில்லிகிராம், 200 மில்லிகிராம் ஆகிய அளவுகளில் இம்மாத்திரை கிடைக்கிறது. கார்டரோன் போன்ற வணிகப் பெயர்களிலும் விற்கப்படுகிறது. இந்திய அரசின் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இதற்கு இடமுண்டு. உயிரைக் காக்கும் ஆற்றல் படைத்த இம்மருந்து, கண்காணிப்பின்றி உட்கொண்டால் உறுப்புகளைக் கெடுக்கவும் கூடும். எனவே பெரியநாயக்கன்பாளையத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இதை உட்கொண்டு வருவோருக்காக இவ்விதழின் பாடத்தை அமைத்துள்ளோம்.

இப்பாடத்தில் நீங்கள் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே. அமியோடரோன் உடலுக்குள் மெல்ல நிறைகிறது, மெல்லவே வெளியேறுகிறது. ஆகையால் இதன் நன்மையையும் தீமையையும் அன்றன்றைய உடல்நிலையை வைத்து அளந்துவிட முடியாது. கீழே நாங்கள் கூறும் அறிவுரைகள் யாவும் இந்த ஒரு தன்மையிலிருந்து பிறப்பவையே.

துடிப்பு ஏன் தடுமாறுகிறது?

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வில் இருக்கும்போது நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசுப்பகுதி மின்தூண்டலை எழுப்ப, அது முறையாகப் பரவி நான்கு அறைகளையும் ஒழுங்காகச் சுருங்கச் செய்கிறது.

கிணற்று மோட்டார் வைத்திருப்போருக்கு இதை எளிதில் விளக்கலாம். மின்சாரம் சீராக வராதபோது மோட்டார் இரைச்சலிடும். தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. இதயமும் அத்தகையதே. மின்தூண்டல் ஒழுங்கு தப்பினால் துடிப்பு வேகமாக இருக்கும். இரத்தமோ போதிய அளவு வெளியேறாது. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதை ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் என்பர். அந்நிலையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கக் கூடும். கீழறைகளில் எழும் அதிவேகத் துடிப்பு இதனினும் கொடியது. நிமிடங்களில் உயிரைப் பறிக்க வல்லது. அமியோடரோன் இதயத் தசையின் மின்னோட்டத்தை நிதானப்படுத்தி இவ்விருவகைத் தடுமாற்றங்களையும் அடக்குகிறது.

மருந்தின் கதை

எகிப்து நாட்டில் கெல்லா என்றொரு செடி உண்டு. நம் கொத்தமல்லியும் சீரகமும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது அது. அதன் விதையிலிருந்து கிடைத்த கெல்லின் என்னும் பொருள் இதயக் குழாய்களை விரிக்கக் கண்ட அறிஞர்கள், அதனை முன்மாதிரியாகக் கொண்டு புதிய மருந்துகளை உருவாக்க முயன்றனர். அம்முயற்சியின் பயனாக 1961-ல் பெல்ஜியத்தில் அமியோடரோன் பிறந்தது. முதலில் அது நெஞ்சுவலி மருந்தாகவே பயன்பட்டது. 1970-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஃபிஜித் தீவில் பிறந்த மருத்துவர் பிரமா சிங்கும் பேராசிரியர் வாகன் வில்லியம்ஸும் இம்மருந்து துடிப்பையும் சீராக்கவல்லது எனக் காட்டினர். அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1985-ல் இதற்கு ஒப்புதல் அளித்தது.

இதன் எடையில் ஏறத்தாழ 37 விழுக்காடு அயோடின் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தைராய்டு பற்றிப் பேசும்போது இச்செய்தி தேவைப்படும்.

மெல்ல நிறைதல், மெல்ல வெளியேறல்

பெரும்பாலான மாத்திரைகள் ஓரிரு நாட்களில் உடலை விட்டு நீங்கிவிடும். அமியோடரோன் அவ்வாறன்று. கொழுப்பில் கரையும் தன்மையுடையதால் உடற்கொழுப்பு, கல்லீரல், நுரையீரல், தோல் ஆகியவற்றில் அது சேர்ந்து தங்குகிறது. நீண்ட நாள் உட்கொண்டவர் அதனை நிறுத்தினால், உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையச் சராசரியாக 58 நாட்கள் ஆகும். ஆளுக்கு ஆள் இது 15 முதல் 142 நாட்கள் வரை மாறுபடும். சராசரிக் கணக்கை வைத்துப் பார்த்தால், தைப் பொங்கலன்று நிறுத்தியவர் உடலில் மாசி முடியும்போது பாதியும், சித்திரை முடியும்போது கால் பங்கும் மீந்திருக்கும்.

இதிலிருந்து ஐந்து உண்மைகள் கிடைக்கின்றன.

முதலாவது, தொடக்கத்தில் அளவு மிகுதியாகவும் பின்னர் குறைவாகவும் இருக்கும். பெரும்பாலும் 200 மில்லிகிராம் மாத்திரை முதல் வாரம் நாளுக்கு 3, இரண்டாம் வாரம் நாளுக்கு 2, அதன்பின் நாளுக்கு 1 என்றோ அதற்கும் குறைவாகவோ கொடுக்கப்படும். காலித் தொட்டியை முதலில் நிரப்பிவிட்டு, பின்னர் குறைவதை மட்டும் ஈடுசெய்வது போன்றது இது. மருத்துவர் அளவைக் குறைத்ததால் நோய் தீர்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள். மூன்று மாத்திரை உட்கொண்ட பழக்கத்தில் அதனையே மாதக்கணக்கில் தொடர்வதும் ஆபத்து.

இரண்டாவது, ஒருநாள் மறந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் வழக்கமான ஒரு மாத்திரையை மட்டும் உட்கொள்ளுங்கள். இரண்டாகச் சேர்த்து உட்கொள்ளாதீர்கள். உணவுக்கு முன்னரோ பின்னரோ, எப்படித் தொடங்கினீர்களோ அப்படியே நாள்தோறும் தொடருங்கள்.

மூன்றாவது, தாமாக நிறுத்தியவர் முதலில் நலமாகவே இருப்பார். "நிறுத்தி ஒரு மாசமாச்சுங்க, ஒண்ணும் ஆகலையே" என்னும் சொல்லைப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் கேட்பதுண்டு. அந்த ஒரு மாதம் அவரைக் காப்பது முன்னர் உட்கொண்ட மருந்தின் மிச்சமே. அது கரைந்தபின் துடிப்புத் தடுமாற்றம் முன்னறிவிப்பின்றித் திரும்பலாம்.

நான்காவது, பக்க விளைவுகளும் தாமதமாகவே தோன்றும். சில, மருந்தை நிறுத்திய பின்னரும் தலைகாட்டும். எனவே "ஓராண்டாக உட்கொள்கிறேன், எதுவும் செய்யவில்லை" என்பது பரிசோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது.

ஐந்தாவது, பிற மருந்துகளோடு இதற்குள்ள மோதலும் நிறுத்திய உடனே நீங்குவதில்லை. சென்ற மாதங்களில் அமியோடரோன் உட்கொண்டிருந்தால், இப்போது உட்கொள்ளாவிடினும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

உறுப்புகளும் அறிகுறிகளும்

தைராய்டு: வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் உள்ளதோ ஏறத்தாழ 75 மில்லிகிராம். அதாவது 500 நாட்களின் தேவை. இது முழுவதும் ஒரே நாளில் விடுபடுவதில்லை. எனினும் நாளுக்குச் சுமார் 6 மில்லிகிராம் இரத்தத்தில் கலக்கிறது. அதுவே 40 நாட்களின் தேவை. இச்சுமையால் தைராய்டுச் சுரப்பி சிலருக்குக் குன்றும், சிலருக்கு மிகும். குன்றினால் களைப்பு, எடை கூடுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை தோன்றும். மிகுந்தால் எடை குறைதல், கைநடுக்கம், வெப்பம் தாங்காமை ஆகியவை தோன்றும். அடங்கியிருந்த படபடப்பும் மீளும். இவ்விரண்டிற்கும் மருத்துவம் உண்டு. மருந்தில் அயோடின் இருக்கிறதே என்று சமையலில் அயோடின் உப்பைக் கைவிடுவதால் பயன் ஏதுமில்லை; வீட்டில் உள்ள பிறருக்கு அந்த உப்பு தேவை.

நுரையீரல்: அரிதாக நேர்வதெனினும், இம்மருந்தின் பக்க விளைவுகளுள் பெரிதும் அஞ்சத்தக்கது இதுவே. நுரையீரல் அழற்சியுற்று, கவனியாது விட்டால் தழும்பேறிவிடும். வறட்டு இருமல், மாடிப்படி ஏறும்போது புதிதாகத் தோன்றும் மூச்சிரைப்பு, காரணம் தெரியாத காய்ச்சல், உடல் மெலிதல் ஆகியவை இதன் அடையாளங்கள். நம் வட்டாரத்தில் இதற்கென்று தனியொரு சிக்கல் உண்டு. பஞ்சாலைகளிலும் வார்ப்படச் சாலைகளிலும் பல்லாண்டு உழைத்தவர்கள் இங்கே மிகுதி. அவர்கள் இருமினால் "மில்லுத் தூசி" என்று குடும்பத்தார் அமைதி அடைந்துவிடுவர். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சிறுக்கம், விடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மிகுந்து காணப்படுவது வழக்கம். வேலையை விட்டுப் பல்லாண்டு ஆனவருக்குப் புதிதாக ஓர் இருமல் தொடங்கி வாரந்தோறும் வளர்ந்தால், அதனைத் தூசியின் மேல் போட்டுவிடாதீர்கள். தூசியா மருந்தா என்பதை மார்பு எக்ஸ்ரே முதலிய சோதனைகளால் நாங்கள் முடிவு செய்கிறோம். காலத்தே கண்டு மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் நுரையீரலைக் காக்க முடியும்.

கல்லீரல்: கண்ணில் மஞ்சள், அடர்ந்த நிறச் சிறுநீர், பசியின்மை, வலப்பக்க வயிற்றுவலி ஆகியவற்றைக் கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மஞ்சள் காமாலை என்று கருதிக் கீழாநெல்லி அரைத்துக் குடித்துவிட்டு, அதற்குக் காரணமான மாத்திரையையும் தொடர்ந்து உட்கொண்டிருந்தால் கேடு வளரும்.

கண்: நீண்ட நாள் உட்கொள்வோர் ஏறத்தாழ அனைவருக்கும் கருவிழியில் நுண்படிவுகள் உண்டாகும். இரவில் மேட்டுப்பாளையம் சாலையில் எதிர்வரும் வண்டி விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதாகச் சிலர் கூறுவது இதனாலேயே. பெரும்பாலும் இது பார்வையைக் கெடுப்பதில்லை. மருந்தை நிறுத்தினால் மறையும். ஆனால் பார்வை மங்கினாலோ ஒரு பகுதி மறைந்தாலோ அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். அது பார்வை நரம்பின் பாதிப்பாக இருக்கலாம்.

தோல்: வெயில் பட்டால் தோல் விரைவில் கன்றிச் சிவக்கும். காரமடை, மேட்டுப்பாளையம் பக்கத்து வாழைத் தோட்டங்களிலும் கறிவேப்பிலைத் தோட்டங்களிலும் வேலை செய்வோர் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிவது இன்றியமையாதது. கண்ணாடி ஜன்னல் மட்டுமே போதிய காப்பாகாது. மருந்தை நிறுத்திய பின்னரும் சில மாதங்கள் இக்காப்பைத் தொடருங்கள். மிக நீண்ட நாள் உட்கொண்டோர் சிலருக்கு முகம் நீலச் சாம்பல் நிறமாக மாறுவதும் உண்டு.

இதயம்: துடிப்பைச் சீராக்கும் மருந்தே அதனை மிகவும் தாழ்த்திவிடவும் கூடும். தலைசுற்றல், கண் இருட்டுதல், மயக்கம் ஆகியவற்றை எளிதாக எண்ணாதீர்கள்.

இவற்றுள் களைப்பு, இருமல், நடுக்கம் ஆகிய மூன்றும் முதுமையிலும் வருபவை. "வயசாயிருச்சுங்க, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் விட்டுவிடுவதால், தீர்க்கக்கூடிய பல தொல்லைகள் முற்றிவிடுகின்றன. அமியோடரோன் உட்கொள்ளும் பெரியவரிடம் இம்மூன்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும், வயதைக் காரணம் சொல்லும் முன் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

பரிசோதனை அட்டவணை

மருந்தைத் தொடங்கும் முன்: ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, தைராய்டு, கல்லீரல், பொட்டாசியம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள்.

6 மாதங்களுக்கு ஒருமுறை: தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள்.

ஆண்டுக்கு ஒருமுறை: ஈ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே.

கண்ணில் குறை தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் கண் பரிசோதனை.

மருத்துவர் உங்கள் நிலைக்கேற்ப இவற்றைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். பழைய முடிவுகளை ஒரே கோப்பில் வைத்திருங்கள். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தால்தான் இன்றைய எக்ஸ்ரேயில் காணும் மாற்றம் புதிதா பழையதா என்று எங்களால் சொல்ல முடியும்.

பிற மருந்துகளோடு மோதல்

அமியோடரோன் வேறு பல மருந்துகளின் வீரியத்தைக் கூட்டிவிடும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரினோ அசிட்ரோம் மாத்திரையோ உட்கொள்வோர் இதனை முதலில் அறிய வேண்டும். அம்மருந்தின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க நேரும்; தொடக்க வாரங்களில் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். ஈறில் இரத்தம், கருநிற மலம், காரணமின்றித் தோன்றும் கன்றல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வாருங்கள். டைகாக்சின் அளவும் பெரும்பாலும் பாதியாக்கப்படும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் நாளுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. துடிப்பைத் தாழ்த்தும் பிற இரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர் ஒத்துப் பார்த்தே கொடுப்பார்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் வழக்கத்தை இம்மருந்து உட்கொள்வோர் அறவே விட வேண்டும். அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகள் இதனோடு சேர்ந்து ஆபத்தான துடிப்புக் கோளாற்றை உண்டாக்கலாம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ நீடித்தால் உடலில் பொட்டாசியம் குறைந்து அவ்வாபத்து மிகும். கிரேப்ஃப்ரூட் பழச்சாறு இம்மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்துவதால் விலக்கத்தக்கது. அதன் உறவான பம்பளிமாசையும் தவிர்ப்பது நன்று. நாட்டு மருந்து எதை உட்கொண்டாலும் எங்களிடம் மறைக்காதீர்கள்; அதற்காக நாங்கள் கடிந்துகொள்ள மாட்டோம்.

அமியோடரோன் மருத்துவச் சீட்டின் பேரிலேயே விற்கப்பட வேண்டிய மருந்து. வாங்கும்போது அட்டையில் உள்ள மூலப்பெயரைப் படித்துப் பாருங்கள். இரத்த அழுத்தத்திற்கான அம்லோடிபின் ஒலிப்பில் இதற்கு நெருங்கிய பெயருடையது. வேறு நிறுவனத்தின் மாத்திரை கிடைத்தால், பெயர் வேறாயினும் மருந்து ஒன்றே. பழைய அட்டையையும் புதிய அட்டையையும் சேர்த்து உட்கொண்டால் அளவு இரட்டிப்பாகும்.

கருவுற்றிருப்போர், கருவுற எண்ணுவோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குழந்தையின் தைராய்டை இம்மருந்து பாதிக்கக் கூடும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

வாரத்தில் சில நாட்களேனும், ஓய்வாக அமர்ந்திருக்கும்போது நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ வையுங்கள். பல் மருத்துவர், கண் மருத்துவர், அறுவைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பவர் என எம்மருத்துவரிடம் சென்றாலும் அதனை முதலில் காட்டுங்கள்.

மாத்திரை தீர்வதற்கு 10 நாட்கள் முன்னரே வாங்கிவிடுங்கள். தைப்பூசத்திற்குப் பழனிக்குப் பாதயாத்திரை செல்ல விரும்புவோர் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். செல்வோர் நாட்கணக்கிற்கு மேல் சில மாத்திரைகளைக் கூடுதலாக வைத்துக்கொள்வதும், வெயிலைத் தவிர்த்து நடப்பதும், நீர் போதிய அளவு அருந்துவதும் வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய நேரங்கள்

மயக்கமடைந்து விழுதல், நெஞ்சுவலி, ஓய்விலும் நீங்காத படபடப்பு, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வையிழப்பு, நிற்காத இரத்தப்போக்கு. இவற்றுள் ஒன்று நேர்ந்தாலும் 108 ஊர்தியை அழையுங்கள். மருந்து அட்டைகளை உடன் எடுத்து வாருங்கள்.

கற்றதைச் சரிபார்ப்போம்

1. நேற்று மாத்திரையை மறந்துவிட்டேன். இன்று இரண்டு உட்கொள்ளலாமா?
கூடாது. இன்றைய ஒன்று போதும்.

2. ஓராண்டாக எனக்கு எத்தொல்லையும் இல்லை. இரத்தப் பரிசோதனை தேவையா?
தேவை. தொல்லை தோன்றும் முன் மாற்றத்தைக் காட்டுவதே பரிசோதனையின் பயன்.

3. இருமல் வந்துவிட்டது, மாத்திரையை நானே நிறுத்திவிடட்டுமா?
நீங்களாக நிறுத்தாதீர்கள்; அதே வேளையில் காத்திருக்கவும் செய்யாதீர்கள். அன்றோ மறுநாளோ மருத்துவரைக் காணுங்கள். நிறுத்துவதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

4. இம்மருந்து இவ்வளவு தீமையுடையதாயின் எனக்கு ஏன் கொடுத்தீர்கள்?
உங்கள் துடிப்புக் கோளாறு அதனினும் ஆபத்தானது என்று மருத்துவர் கணித்ததனால். தேவைக்குப் போதுமான மிகக் குறைந்த அளவு, காலந்தவறாத பரிசோதனை, வீட்டாரின் விழிப்பு ஆகிய மூன்றும் கூடினால் தீமையின் பெரும்பகுதியை முன்னரே கண்டு தடுக்க இயலும்.

இப்பக்கத்தை வெட்டி எடுத்து மருந்துப் பெட்டியினுள் வையுங்கள். கடைசியாகத் தைராய்டுப் பரிசோதனை செய்த நாளை அதன் ஓரத்தில் எழுதுங்கள். அந்நாள் 6 மாதங்களைக் கடந்திருந்தால், அடுத்த சந்திப்பு வரை காத்திராமல் இவ்வாரமே வாருங்கள்.